முதல் வரி அத்திம்பேர்

என் அக்கா பாகீரதியின் புருஷன் அனந்தகிருஷ்ணனைப் பற்றி நல்லதாக எழுதச் சொன்னால், குடிக்க மாட்டார், நேரத்துக்கு ஆபீஸ் போவார் என்பதோடு என் பேனா நின்றுவிடும். மற்றதை எழுத யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்கா கல்யாணத்திலிருந்து மனசுக்குள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நாங்கள் இருப்பது வங்காளிகளின் ஊரில். அவருக்குப் பாலிகஞ்சில் மூன்றாவது மாடியில் ஃப்ளாட். சால்ட் லேக்கில் செக்டர் ஃபைவில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. விசிட்டிங் கார்டில் சீஃப் ஆர்க்கிடெக்ட் என்று போட்டிருக்கும். ஆனால் ஆடி மாச மழைக்கு பால்கனித் தண்ணீர் ஹாலுக்குள் வராமல் நிறுத்த இந்த ஆர்க்கிடெக்டுக்கு இன்றுவரை வழி தெரியவில்லை. அக்காதான் பழைய புடவையைச் சுருட்டி வாசற்படியில் வைப்பாள்.

அத்திம்பேருக்கு ஒரே ஒரு நம்பிக்கை. எந்தக் காரியமானாலும் அதன் தலைப்பில் இப்படி இப்படி என்று எழுதி வைத்துவிட்டால் போதும், அது அப்படியே நடந்துவிடும். காபிப் பொடி டப்பாவின் மூடியில் "ஒன்றரை ஸ்பூன்" என்று அவர் கையெழுத்தில் ஒட்டியிருக்கும். அக்கா அந்த மூடியை ஒரு நாளும் படித்ததில்லை. ஸ்பூனையே தொடாமல் கண்ணளவாகச் சாய்த்துக்கொள்வாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "பார்த்தியா கோமதி, அளவு எழுதி வச்சா காபி எப்படி வரது!" என்று என்னிடம் பெருமை அடித்துக்கொள்வார். அக்கா வாயே திறக்க மாட்டாள். அந்தப் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை.

கட்டடத்துக்காரர்களின் வாட்ஸப் குழுவுக்கும் இவர்தான் தலைவர். குழுவின் தலைப்பில் "காலை வணக்கப் படங்கள் கூடாது" என்று மூன்று பாஷையில் எழுதிப் போட்டிருக்கிறார். தினம் பொழுது விடிந்தால் கீழ்வீட்டு வங்காள மாமி மித்ரா மாஷிமாவின் ரோஜாப்பூ வந்து விழும். அதன் பின்னாலேயே மற்றவர்களின் ரோஜாப்பூக்களும் வரும். "ரூல் இருக்கு, அவா தெரியாம போடறா" என்பார் இவர். படிக்காத ரூல் ரூலே இல்லை என்பது அந்த மண்டையில் ஏறவே ஏறாது.

நானும் அதே கம்பெனியில்தான் டெஸ்டிங்கில் இருக்கிறேன். மச்சினிக்கு வேலை வாங்கிக் கொடுத்தது தான்தான் என்று தமிழ்க்காரர்கள் வீட்டு விசேஷங்களிலெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். அவர் அங்கே சேருவதற்கு முன்பே நான் அங்கே இருந்தேன். இதை எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், அவர்தான் முதலில் சொல்லிவிடுகிறாரே, என்ன செய்ய?

ரோஹிணி விஷயத்தில் மட்டும் அவர் சொல்வதில் கொஞ்சம் நிஜம் உண்டு. டாக்குரியாவில் இருக்கும் சீதாராமன் தம்பதியின் ஒரே பெண் அவள். துறைமுகத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர் சீதாராமன். குழந்தையிலிருந்தே அத்திம்பேரை அங்கிள், அங்கிள் என்று சுற்றி வருவாள். காலேஜ் முடித்ததும் அவளுடைய விண்ணப்பத்தை இவர்தான் ஆபீஸில் கொடுத்தார். "நம்மாத்துப் பொண்ணு" என்று தேபாஷிஷ்-தாவிடம், அதாவது எங்கள் மேனேஜரிடம் (தா என்றால் வங்காளத்தில் அண்ணா, ஆபீஸில் பெரியவர்களெல்லாம் தாதான்), தோளை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். வேலை கிடைத்தது. வேலை நிரந்தரமாக அந்த வருஷப் பூஜை, அதாவது நம் நவராத்திரி, வருகிற மாசம் முடிய வேண்டும். அதற்குள் ஏதாவது கெட்ட பெயர் வந்து விலக்கிவிட்டால், செக்டர் ஃபைவில் வேறு யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம் பெங்களூருக்குத்தான் ரயில் ஏற வேண்டும். கண் சரியாகத் தெரியாத அம்மாவையும் மாடிப்படி இறங்க முடியாத அப்பாவையும் விட்டுவிட்டு அவளால் எங்கேயும் போக முடியாது. இது அத்திம்பேருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் செய்தார்.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் ஸ்க்ரிப்ட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் செய்ய வேண்டிய காரியங்களை வரிக்கு ஒன்றாக எழுதி வைத்த ஃபைல், அவ்வளவுதான். அதைப் படித்து ஒவ்வொரு வரியாகச் செய்கிற ப்ரோகிராமுக்கு இண்டர்ப்ரெட்டர் என்று பெயர். எங்கள் ஆபீஸில் அந்த வேலையைப் பார்ப்பது பாஷ். பாஷுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு வரி தோற்றுப்போனால் நிற்காது. ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த வரிக்குப் போய்விடும். தப்பு நடந்தால் அங்கேயே நில் என்று அதற்குச் சொல்ல மைனஸ் ஈ என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. அத்திம்பேர் தன் ஸ்க்ரிப்ட் எல்லாவற்றிலும் அதை முதல் வரியிலேயே வைத்துவிடுவார். இப்படி:

#!/bin/bash -e

"என் ஸ்க்ரிப்ட்ல முதல் வரியிலேயே ப்ரேக் இருக்கு" என்று புதிதாகச் சேருகிற பிள்ளைகளிடமெல்லாம் சொல்வார். பிள்ளைகள் தலையாட்டும். காபி டப்பா மூடிதான் இங்கேயும்.

ஏனென்றால் அந்த முதல் வரி வாசல் கதவில் மாட்டிய பலகை மாதிரி. ஃபைலை அதன் பெயரைச் சொல்லி நேராக ஓட்டினால், கம்ப்யூட்டர் வாசல் வழியாக வந்து பலகையைப் படிக்கும். ஓஹோ, பாஷைக் கூப்பிட வேண்டும், கூப்பிடும்போதே மைனஸ் ஈ என்று சொல்ல வேண்டும் என்று புரிந்துகொண்டு அப்படியே செய்யும். ஆனால் நாமே பாஷைக் கூப்பிட்டு, இந்தா இந்த ஃபைலைச் செய் என்று கொடுத்தால், பாஷ் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிடுகிறது. பலகை அதன் கண்ணில் படுவதில்லை. முதல் வரி அதற்கு வெறும் குறிப்பு. தாண்டிக்கொண்டு போய்விடும். செருப்பைக் கழற்றவும் என்று வாசலில் எழுதியிருந்தாலும் கொல்லை வழியாக வருகிறவன் செருப்போடுதானே வருவான்?

சரி, எங்கள் ஆபீஸில் எல்லாரும் ஏன் கொல்லை வழியாக வந்தார்கள்? அதுவும் அத்திம்பேரின் கைங்கரியம்தான். முந்தின வருஷம் ஆடிட்டுக்கு ஆள் வந்து போனதும் இவருக்குப் பாதுகாப்புப் பித்து பிடித்தது. எல்லாருக்கும் பொதுவான டிஸ்கில் எந்த ஃபைலையும் நேராக ஓட்டக் கூடாது, பாஷைக் கூப்பிட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டு, நேராக ஓட்டவே முடியாதபடி டிஸ்கையும் மாற்றி வைத்தார். ஊருக்கெல்லாம் மெயில் அனுப்பினார். வாசலைத் தன் கையாலேயே பூட்டிவிட்டு, வாசல் பலகை ஊரைக் காப்பாற்றுகிறது என்று மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு தரமாவது ஓட்டிப் பார்த்திருக்கலாம் இல்லையா? எழுதியாகிவிட்டதே, பிறகு எதற்குப் பார்ப்பது?

எங்கள் வாடிக்கையாளர்களில் ஊரெல்லாம் கிளை வைத்த ஒரு புடவைக் கடைக்காரர்கள் உண்டு. பூஜைக்கு முந்தின வாரங்கள்தான் அவர்களுக்கு அறுவடை. தினம் காலையில் ரோஹிணி, வந்திருக்கும் ஆர்டர்களைச் சரிபார்த்துவிட்டு, அத்திம்பேரின் ஸ்க்ரிப்ட் ஒன்றை ஓட்டுவாள். அது வேறொரு டிஸ்கில் இருக்கும் பழைய பிரதிகளின் இடத்துக்குப் போய், அங்கே இருப்பதையெல்லாம் அழிக்கும். முதல் காரியம் அங்கே போவது, இரண்டாவது காரியம் நிற்கிற இடத்தில் இருப்பதை அழிப்பது. ஒரு நாள் காலை அந்த டிஸ்க் கழன்றிருந்தது. அங்கே போகிற வரி தோற்றது. பாஷ் நிற்கவில்லை. இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, இரண்டாவது வரியைச் செய்தது. இருந்த இடம் பூஜை ஆர்டர்கள் இருந்த இடம்.

ரோஹிணி உடனே கவனித்தாள், உடனே சொன்னாள். பதுக்கவில்லை, பூசி மெழுகவில்லை. கிளை கிளையாகக் கேட்டு வாங்கி, பூஜை ஷாப்பிங்கை எல்லாம் விட்டுவிட்டு, எங்கள் குழு முழுக்க உட்கார்ந்து ஆர்டர்களைத் திரும்பச் சேர்த்தோம். ஆனால் கடைக்காரர்களுக்குக் கோபம் தீரவில்லை. தப்பு யாருடையது என்று பூஜை லீவுக்கு முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும் என்றார்கள். தேபாஷிஷ்-தா பஞ்சமி அன்று மத்தியானம் எல்லாரையும் கூப்பிட்டார்.

நான் சும்மா இருக்கவில்லை. அதற்கு முந்தின நாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு குட்டி ஸ்க்ரிப்ட் எழுதி இரண்டு வழியிலும் ஓட்டிப் பார்த்தேன். வாசல் வழியாக வந்தபோது நின்றது, கொல்லை வழியாக வந்தபோது நிற்கவில்லை. குடும்பத்து மனுஷர் ஆயிற்றே, நாலு பேர் நடுவில் மூக்கு உடைய வேண்டாம் என்று கேன்டீனில் போய் அத்திம்பேரிடம் தனியாகச் சொன்னேன்.

அவர் லுச்சிப் பூரியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டு, "கோமதி, நீ டெஸ்டிங். பட்டனை அமுக்கிப் பார்க்கறது உன் வேலை. இதெல்லாம் உள்விவகாரம், உனக்குப் புரியாது" என்றார்.

"நீங்களே ஒரு தரம் ஓட்டிப் பாருங்கோளேன்."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் ஸ்க்ரிப்ட் எழுதினவன்."

அவருக்கும் எனக்கும் வயசு வித்தியாசம் அவ்வளவெல்லாம் இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது அக்காவை நினைத்து வாயை மூடிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். பக்கத்து சீட்டில் ரோஹிணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதுகொண்டு வந்தாள். அப்புறம் யோசிக்கவில்லை.

மறுநாள் கூட்டம் பாதி இங்கிலீஷிலும் பாதி வங்காளத்திலும் நடந்தது. அத்திம்பேர் தன் ஸ்க்ரிப்டைச் சுவரில் பெரிசாகக் காட்டினார். முதல் வரியைச் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருந்தார்.

"மைனஸ் ஈ இருந்தால் நின்றிருக்கும். நிற்கவில்லை. ஆக, ஓடின சமயத்தில் மைனஸ் ஈ இல்லை. யாரோ அதை எடுத்துவிட்டு, விஷயம் பெரிதானதும் திரும்ப வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு இதைத் தொட்டது ஒரே ஒரு ஆள்" என்றார்.

அதாவது தப்பு செய்தாள் என்றுகூட இல்லை, மறைத்தாள், பொய் சொல்கிறாள் என்று. நம்மாத்துப் பொண்ணைப் பற்றி.

தமிழும் வங்காளமுமாகக் கலந்து வந்தது ரோஹிணிக்கு. "ஷோத்தி, சத்தியமா, அங்கிள். நான் அதைத் தொடவே இல்லை அங்கிள். நீங்க சொன்ன மாதிரிதான் ஓட்டினேன்."

அத்திம்பேர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இங்கே அங்கிள் எல்லாம் கிடையாது. சார்னு சொல்லு" என்றார். அதை மட்டும் நல்ல தமிழில் சொன்னார்.

வாசல் கதவில் ப்ரேக் மாட்டுகிற இந்த மனுஷருக்கு உள்ளே ப்ரேக் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஒரு வரி தோற்றால் தோற்றது என்று நிற்கத் தெரியாது. எதிரே யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் அடுத்த வரிக்குப் போய் அழிக்கத்தான் தெரியும். நான் எழுந்து நின்றேன்.

"அனந்த்-தா, இதே முதல் வரியோட ஒரு சின்ன ஃபைல் பொது டிஸ்க்ல வச்சிருக்கேன். இரண்டாவது வரி, இல்லவே இல்லாத ஒரு இடத்துக்குப் போகச் சொல்றது. மூன்றாவது வரி 'இன்னும் இங்கேதான் இருக்கேன்'னு எழுதறது. நீங்களே உங்க கையால ஓட்டிக் காட்டுங்கோ" என்றேன்.

மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. தேபாஷிஷ்-தா கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்திம்பேர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தன் உத்தரவுப்படியே பாஷைக் கூப்பிட்டு ஃபைலைக் கொடுத்தார். அப்படி ஒரு இடம் இல்லை என்று சுவரில் வந்தது. அதற்குக் கீழேயே, இன்னும் இங்கேதான் இருக்கேன் என்று வந்தது.

மறுபடி ஓட்டினார். மறுபடி அதே. "இந்த மெஷினில் ஏதோ கோளாறு" என்றார். நான் அந்த ஃபைலை மெஷினின் சொந்த டிஸ்குக்கு எடுத்துப் போய், ஓட்ட அனுமதி கொடுத்து, அதன் பெயரைச் சொல்லி நேராக ஓட்டினேன். இடம் இல்லை என்று வந்தது, நின்றது. மூன்றாவது வரி வரவில்லை.

"பெர்ல்ல இப்படி இல்லையே" என்று அத்திம்பேர் முனகினார்.

அப்போதுதான் எனக்கு வேர் பிடிபட்டது. வாலிப வயசில் அவர் எழுதினதெல்லாம் பெர்ல் மொழியில். பெர்ல் மரியாதை தெரிந்தது. அதை எந்தப் பக்கமாகக் கூப்பிட்டாலும் வாசலுக்குப் போய்ப் பலகையைப் படித்துவிட்டு, அதில் இருக்கிற ஆப்ஷனையும் எடுத்துக்கொண்டுதான் வேலையை ஆரம்பிக்கும். பெர்ல் செய்ததால் பாஷும் செய்யும் என்று எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் அரை நிமிஷம் செலவழித்துச் சரிபார்க்க அவருக்கு நேரமே கிடைக்கவில்லை. தெரியாமல் இருப்பது ஒன்றும் அவமானம் இல்லை, எனக்கும் முந்தின நாள் வரை தெரியாது. சொல்லிக் காட்டின பிறகும் பார்க்க மாட்டேன் என்று பழியை ஒரு பெண்ணின் தலையில் கட்டுகிறானே, அவனை என்ன சொல்வது?

தேபாஷிஷ்-தா கேட்டார்: "அப்படியானால் நாம் ஏன் எல்லாவற்றையும் நேராகவே ஓட்டுவதில்லை?"

அறையில் இருந்த எல்லாருக்கும் விடை தெரியும். ரோஹிணிதான் பதில் சொன்னாள். "நேரா ஓட்டக் கூடாதுன்னு அனந்த் சார் மெயில் போட்டிருந்தார். டிஸ்கையும் மாத்தி வச்சிருக்கார், ஓட்டவும் முடியாது."

கூட்டம் அத்தோடு கலைந்தது. தப்பு ஓட்டின ஆளுடையது இல்லை, ஓட்டும் முறையுடையது என்று கடைக்காரர்களுக்குக் கடிதம் போயிற்று. ரோஹிணியின் வேலை அன்றே நிரந்தரமானது. பூஜை முடிந்ததும் வேறு குழுவுக்குப் போகிறேன் என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் அத்திம்பேரின் ஸ்க்ரிப்டுகளிலெல்லாம் முதல் வரிக்குக் கீழே set -e என்று ஒரு வரி சேர்த்தேன். வீட்டுக்குள்ளேயே எழுதிவிட்டால் எந்தப் பக்கமாக வந்தாலும் பாஷ் அதைப் படித்தே ஆக வேண்டும். அத்திம்பேருக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த ரகத்துக்கு எதுவும் ஆவதில்லை. சாயங்காலமே "நான் நெடுநாளாக வலியுறுத்தி வருவதுபோல" என்று ஆரம்பித்து எல்லாருக்கும் ஒரு மெயில் அனுப்பிவிட்டார். வலியுறுத்தப்பட்டது நான் சேர்த்த வரி.

வீட்டில் அக்காவிடம் என்ன சொன்னாரோ தெரியாது. நானும் சொல்லவில்லை. ஆனால் அக்காவுக்குத் தெரிந்திருந்தது. டாக்குரியாவுக்கும் பாலிகஞ்சுக்கும் நடுவில் அப்படி என்ன தூரம், சீதாராமன் மாமி போன் பண்ணியிருப்பாள்.

தசமி முடிந்ததும் இந்த ஊரில் பிஜோயா. சின்னவர்கள் பெரியவர்கள் வீடு ஒவ்வொன்றுக்கும் போய்க் காலைத் தொட்டு வணங்கி, ஸ்வீட் வாங்கிச் சாப்பிட்டு வருவார்கள். வங்காளிகளின் வழக்கம்தான், ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. ரோஹிணி நடக்கத் தெரிந்த நாளிலிருந்து வருஷம் தவறாமல் அக்கா வீட்டுக்கு வருகிறவள். முதலில் அத்திம்பேர் காலைத்தான் தொடுவாள். அவரும் தலையில் கை வைத்து நீட்டி முழக்கி ஆசீர்வாதம் பண்ணுவார்.

அன்றைக்கும் காலையிலேயே குளித்து, பட்டுக்கரை வேஷ்டி கட்டிக்கொண்டு ஹால் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார். கடைக்குத் தானே போய் ரோஹிணிக்குப் பிடித்த ஸ்வீட்டான வெல்ல சந்தேஷ் வாங்கி வைத்திருந்தார். "ஆபீஸ் வேற, ஆத்துல வேற. அவ வருவா பாரு, வளர்ப்பு அப்படி" என்று என்னிடம் சொன்னார். மன்னிப்புக் கேட்கிற உத்தேசம் துளியும் இல்லை. அவள் குனிந்தால் விஷயம் முடிந்தது என்று கணக்கு. அதற்குத்தான் அந்த வேஷ்டியும் சந்தேஷும். ஒவ்வொரு தடவை மணி அடித்தபோதும் அவர் வேஷ்டியைச் சரிசெய்துகொண்டதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, அருவருப்பும் வந்தது.

ரோஹிணி வந்தாள். நேராக அக்காவிடம் போய்க் குனிந்து காலைத் தொட்டாள். அக்கா அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டாள். அடுத்து என்னிடம் வந்தாள், என் காலையும் தொட்டாள். அத்திம்பேர் பாதங்களைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

அவள் நாற்காலிக்கு எதிரே நின்றாள். குனியவில்லை. ஆபீஸ் லிப்டில் பார்த்தால் சொல்வது போலக் கையைக் கூப்பி, "நமஸ்காரம், சார்" என்றாள்.

"வீட்ல என்னடி சார்? அங்கிள்னு சொல்லேன்" என்று சிரிக்கப் பார்த்தார் அத்திம்பேர்.

"இல்லை சார்" என்றாள் ரோஹிணி. குரலில் கோபம்கூட இல்லை. அக்கா நீட்டின தட்டிலிருந்து சுண்டலை மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளே போய், அக்கா இன்னும் எடுத்து வைக்காத கொலுவின் முன்னால் உட்கார்ந்தாள்.

காபி மூடி, வாட்ஸப் தலைப்பு, முதல் வரி என்று ஆயுசு முழுக்க எழுதித் தள்ளியிருக்கிறார் மனுஷர். வாசலைப் பூட்டாமலே அவர் சொன்ன ஒன்றை ஒருத்தி அட்சரம் பிசகாமல் கேட்டு நடந்தது அதுதான் முதல் தடவை.